இணைந்த கணித விடைகளைத் திருத்திக் கொடுக்க ஏற்பாடு வேண்டிக் கோரிக்கை மனு

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
வலிகாமம் கல்வி வலயம்,
மருதனார்மடம்.

மதிப்புக்குரியீர்,

க.பொ.த. உயர்தரக் கணிதப் பிரிவில் கற்கும் மாணவரின் பெற்றோராகிய நாங்கள் இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் பிள்ளைகள் கணக்குச் செய்யாமல் இருக்கவில்லை. கடந்தகால வினாத்தாள்களைக் கொப்பி கொப்பியாகச் செய்கிறார்கள். செய்ததை வாசித்து, எந்த வரியில் பிழைத்தது என்று சொல்லத்தான் ஆளில்லை. தனியார் வகுப்பு மண்டபங்களில் பலகையில் எழுதுவதைப் பார்த்தெழுதி வருகிறார்கள். பாடசாலையிலோ பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதவில்லை.

இணைந்த கணிதத்தின் இரு வினாத்தாள்களிலும் பகுதி அ-வின் பத்து வினாக்களுக்குத் தலா 25 புள்ளி. பகுதி ஆ-வில் ஏழில் ஐந்துக்குத் தலா 150. அப்புள்ளிகள் படிமுறைகளுக்கெனப் பிரித்தே வழங்கப்படுகின்றன.

ஒரு மாணவியின் கொப்பியில் கண்டது இது. முக்கோணத்தின் உச்சியொன்றிலிருந்து புறப்படும் பக்கங்களில் ஒன்றுக்கு நடுப்புள்ளி, மற்றதை அவ்வுச்சியிலிருந்து 2:1 ஆகப் பிரிக்கும் புள்ளி. இவற்றை எதிர் உச்சிகளோடு இணைக்கும் கோடுகள் வெட்டுமிடத்துக்கு அவ்வுச்சி குறித்த தானக்காவி என்ன? அவர் இரு வழியாக எழுதி, குணகங்களைச் சமப்படுத்தி, முதற் பக்கக் காவியின் காற்பங்கும் இரண்டாவதின் அரைப்பங்கும் என்று சரியாகவே கண்டிருந்தார். அவ்விரு காவிகளும் பூச்சியமல்லாதவை, சமாந்தரமற்றவை என்ற வரி மட்டும் இல்லை. அந்த வரியின்றிக் குணகங்களைச் சமப்படுத்த நியாயமே கிடையாது. விடை சரியென்பதால் அவரும் அதைத் தேடவில்லை. தொகையீட்டில் பிரதியீடு செய்தபின் பழைய எல்லைகளை மாற்றாமலே விட்டுவிடுவதும் இப்படித்தான் பழகிப்போகிறது.

1855இலேயே கரோல் விசுவநாதபிள்ளை தமிழில் ‘வீசகணிதம்’ எழுதிய மண் இது. நல்ல ஆசிரியர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர், ஓய்வுபெற்றோரும் உள்ளனர். அவர்களைப் பிள்ளைகளின் கொப்பிக்கு அருகில் கொண்டுவருவதையே கேட்கிறோம்.

ஆதலால், வலயத்தில் ஒரு பொது இடத்தில் சனிக்கிழமைதோறும் இலவசத் திருத்தல் அமர்வு நடத்த வேண்டும். அங்கே புதிதாகப் பாடம் எடுக்க வேண்டாம். மாணவர் எழுதி வந்ததை ஆசிரியர் அவர் முன்னாலேயே வாசித்துத் திருத்தினால் போதும். வரும் ஆசிரியர்களுக்குப் போக்குவரத்துப் படியாவது வழங்கப்பட வேண்டும். அவர்களின் நல்லெண்ணத்தில் மட்டும் இதைச் சுமத்துவது முறையல்ல. தூரத்துப் பிள்ளைகள் வெளிச்சத்தோடு வீடு சேர, மாலை நான்கு மணிக்குள் அமர்வு முடிய வேண்டும்.

பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகளின் தமிழ்ப் பிரதிகள் ஒவ்வொரு பாடசாலை நூலகத்திலும் கைக்கெட்டும்படி இருக்கட்டும். சாதாரண தரத்தில் நுண்கணிதம் இல்லை; உயர்தரத்தில் அதைப் புதிதாகத் தொடங்க அட்சரகணிதம் கைவந்திருக்க வேண்டும். ஆகவே அப்பரீட்சைக்கும் உயர்தர வகுப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் அட்சரகணிதத்தை உறுதிப்படுத்தும் ஆயத்த வகுப்பொன்றும் தேவை.

இவற்றைப் பேசுவதற்கு, அடுத்த தவணை தொடங்குமுன் எங்கள் பிரதிநிதிகளுக்கு நேரம் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம். திருத்தப்படாத கொப்பிகள் சிலவற்றையும் கொண்டுவருவோம்.

இவ்வண்ணம்,
தலைவர், செயலாளர், பொருளாளர்
பெற்றோர் சங்கம், மருதனார்மடம்

பிரதி: மாகாணக் கல்விப் பணிப்பாளர், வடக்கு மாகாணம்