கெண்டை என்றால் எந்தக் கெண்டை?

தமிழ்க் கவிதையில் மீனுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கயலும் சேலும் கெண்டையும் நூற்றாண்டுகளாகப் பெண்களின் கண்களில் புரண்டுகொண்டிருக்கின்றன. ஆனால் இவற்றுள் எது எந்த மீன் என்று கேட்டால் அகராதி பெரும்பாலும் 'ஒருவகை மீன்' என்ற இரண்டு சொற்களோடு ஒதுங்கிக்கொள்கிறது. கண்ணுக்கு உவமையாகிவிட்ட பிறகு மீன் மீனாகவும் இருக்கவேண்டிய அவசியம் நமக்கு இல்லாமற்போயிற்று. இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் தூண்டிலைப் பற்றி எழுதப் புகுந்ததற்கு இந்த 'ஒருவகை'தான் காரணம். அந்த அலட்சியத்தின் விலையைக் கொங்கு நாட்டு ஆறுகளில் வாழும் ஒரு மீன் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உலகம் அந்த மீனை மஹ்சீர் என்று அறியும். வடநாட்டு வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் நம்மிடம் திரும்பி வந்த சொல் அது. பூமீன் கெண்டை என்ற தமிழ்ப் பெயரைப் பழைய மீனியல் நூல்கள் குறித்துவைத்திருக்கின்றன. காவிரிக்கரையில் யானைக் கெண்டை என்றும் சொல்வதுண்டு. மஹ்சீரில் பல இனங்கள் உண்டு. அவற்றில் காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனமே இங்கு நாங்கள் பேசுவது. தலைக்குப் பின்னால் திமில்போல் எழும் முதுகு, செம்மஞ்சள் துடுப்புகள், உள்ளங்கையை நிறைக்கும் செதில்கள். ஐம்பது கிலோவைத் தாண்டி வளரக்கூடியது. 1946இல் மைசூரின் வான் இங்கன் கபினி ஆற்றில் தூண்டிலில் பிடித்த மீன் 120 பவுண்டு எடை இருந்தது. காவிரியின் கிளையாறு ஒன்றில், நம் காலத்துக்குச் சற்று முன்பு, ஏறத்தாழ ஓர் ஆள் எடைக்கு மீன் இருந்தது என்பதைக் கொடிவேரி அணையோரம் மசாலா தடவிய பொரித்த மீனைத் தின்று திரும்பும் நாம் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்கலாம்.

இந்த மீனுக்கு அறிவியல் பெயர் உறுதியானது எப்போது என்று பார்த்தால் வியப்பு கூடுகிறது. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற மதராஸ் மாகாண அதிகாரி 1873இல் மங்களூரில் அச்சிட்ட 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலில் மஹ்சீர் வேட்டையைப் பக்கம் பக்கமாக எழுதினார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டு காலம் வெள்ளைக்காரர்களும் நம்மவர்களும் இதைப் பிடித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், சுவரில் மாட்டினார்கள். ஆயினும் திமில் மஹ்சீர் என்ன இனம் என்பது 2018 வரை தீராத கேள்வியாகவே இருந்தது. அவ்வாண்டில்தான் பிரிட்டனின் ஏட்ரியன் பிண்டர், கொச்சியின் ராஜீவ் ராகவன், கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலன் முதலானோர் அடங்கிய குழு, மோயாற்றில் கிடைத்த மீன்களை ஆராய்ந்து இது டோர் ரேமாதேவி என்று நிறுவியது. அந்தப் பெயர் சில ஆண்டுகளுக்கு முன்பே சின்னாறு சரணாலயத்தின் பாம்பாற்றில் கிடைத்த, வளர்ந்திராத சிறு மீன்களுக்கு இடப்பட்டிருந்தது. அந்தக் குஞ்சுகளின் பெற்றோர்தான் உலகப் புகழ்பெற்ற திமில் மீன் என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. பெயர் பெற்ற அதே ஆண்டில் அது மிக அருகிவரும் இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. பிறப்புச் சான்றிதழும் அபாய அறிவிப்பும் ஒன்றாக வந்த உயிர்கள் அதிகம் இருக்கமுடியாது.

(இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியலாளர் ரேமா தேவியைப் பெருமைப்படுத்த இட்ட பெயர் அது. லத்தீன் இலக்கணப்படி பெண்பால் ஈறு வரவேண்டிய இடத்தில் ஆண்பால் ஈறு விழுந்துவிட்டது. இலக்கணத்தில் ஆர்வமுள்ள நண்பர்கள் இதைத் தனியே ரசிக்கட்டும்.)

இதில் கொங்குக்கு என்ன பங்கு என்பவர்களுக்கு வரைபடமே பதில். மோயாறு நீலகிரியிலிருந்து இறங்கி, முதுமலையின் விளிம்பில் பள்ளத்தாக்கை அறுத்துக்கொண்டு வந்து பவானிசாகரில் கலக்கிறது. பாம்பாறு மறையூர்ப் பக்கமிருந்து கிழக்கே ஓடி அமராவதி அணைக்கு வருகிறது. அங்கிருந்து உடுமலை, தாராபுரம், கரூர் என்று போகும் அதுவே நம் பழம்பாடல்களின் ஆன்பொருநை. திமில் மஹ்சீர் இன்னும் இருப்பதாக உறுதியாகத் தெரிந்த சில நீர்நிலைகளில் முக்கியமான இரண்டு ஆறுகளும் நம் வயல்களுக்கும் குழாய்களுக்கும் வரும் தண்ணீரின் தலைமாட்டில் இருக்கின்றன. அவ்வளவு நெருக்கம், இவ்வளவு அறியாமை.

கொங்கின் புனைகதை மண்ணைப் பற்றியது. 1942இல் ஆர். சண்முகசுந்தரம் 'நாகம்மாள்' எழுதியபோது நிலம்தான் மையம். இன்றுவரை பெரும்பாலும் அப்படியே. மேட்டாங்காட்டு வாழ்க்கையில் கிணறு உண்டு, ஏற்றம் உண்டு, ஆறு தொலைவில் இருக்கும். இது குறையல்ல, வாழ்க்கை அமைப்பு. ஆனால் ஆறு எப்போது நம் நாவலுக்குள் வந்தது? சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யில், நொய்யல் திருப்பூர்ச் சாயத்தின் நிறத்துக்கு மாறிய பிறகு. பவானியும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலையின் கழிவால்தான் 1990களில் செய்தித்தாளில் அதிகம் அடிபட்டது. ஆற்றை நோயாளியாக மட்டுமே சந்தித்த ஒரு தலைமுறையாக நாம் இருக்கிறோம்.

சங்கப் பாணன் அப்படி இருக்கவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் நெடிய மூங்கிற் கோலில் தூண்டில் கட்டிப் பிடிக்கும் பாண்மகன் வருகிறான். ஐங்குறுநூற்றின் பாண்மகள் மீனைக் கூடையில் கொண்டுவந்து நெல்லுக்கு மாற்றுகிறாள். யாழைத் தொட்ட குலத்தின் கை தூண்டிலையும் தொட்டது. வாளைக்கும் வராலுக்கும் வேறுபாடு தெரியாத ஒருவன் தூண்டிலைப் பிடிக்க முடியாது. அந்தப் பாட்டுகளில் மீன்கள் தெளிவான தனித்தனி உயிர்களாக இருப்பதற்கு அதுவே காரணம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இனி எங்கள் கட்சிக்கு வருகிறோம். தூண்டிலில் பிடித்து, எடை பார்த்து, உயிரோடு திரும்ப விடுகிற மீன்பிடிப்புக்கு, வனச் சரணாலயங்களுக்கு வெளியே, கண்காணிப்போடு இடம் தரவேண்டும் என்பது எங்கள் கருத்து. முகம் சுளிக்கும் நண்பர்கள் பலர் இருப்பார்கள் என்று அறிவோம். அவர்களுடைய வாதங்களைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. முதலில் காவிரியில் நடந்ததைக் கேட்டுவிடட்டும்.

கர்நாடக எல்லைக்குள் காலிபோரே, பீமேஸ்வரி ஆகிய காவிரிக்கரை முகாம்களில் பல்லாண்டுகள் இந்த விளையாட்டு நடந்தது. பரிசலில் போய், ராகிக் களி உருண்டையை முள்ளில் பொதிந்து வீசுவார்கள். முன்பு வெடிவைத்து மீன் பிடித்தவர்களில் சிலரே அங்கே வழிகாட்டிகளாகச் சம்பளம் வாங்கினார்கள். காலிபோரே முகாமில் ஒவ்வொரு மீனின் எடையும் பிடித்த நேரமும் ஏட்டில் ஏறியது. 1998 முதல் 2012 வரை ஏறத்தாழ 23,600 மணி நேரத் தூண்டில் உழைப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மஹ்சீர்கள் பிடித்து விடப்பட்டன. பிறகு, சரணாலயத்துக்குள் தூண்டிலும் வேட்டையே என்ற சட்ட விளக்கத்தால் அது நின்றது. பிண்டரும் ராகவனும் அந்த ஏடுகளை எடுத்து ஆராய்ந்தபோது ஒரு விபரீதம் வெளிப்பட்டது. மொத்த மீன்களின் எண்ணிக்கை ஏறியிருந்தது. அதைப் பார்த்து மகிழ்ந்திருக்கலாம். ஆனால் ஏறியது நீலத் துடுப்பு மஹ்சீர். செம்மஞ்சள் துடுப்புத் திமில் மஹ்சீர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தது. சிக்கியவையும் பெரிய, வயதான மீன்களாக இருந்தன. குட்டிகள் இல்லை. கிழவர்கள் மட்டும் மிஞ்சிய கிராமம்போல.

நீலத் துடுப்பு எங்கிருந்து வந்தது? 1970களில் லோனாவாலாவில் டாட்டா மின் நிறுவனத்தின் பண்ணை, தக்காணத்து மஹ்சீரைச் செயற்கையாகப் பொரிக்கவைப்பதில் வெற்றி கண்டது. அழிந்துவரும் மீனைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு அதன் குஞ்சுகள் பல ஆறுகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. மஹ்சீர் என்றால் எல்லாம் மஹ்சீர்தானே! 'ஒருவகை மீன்' என்ற அகராதிப் பொருள் இப்படித்தான் ஆற்றில் இறங்கி வேலை செய்கிறது. பெயர் தெரியாத ஒன்றைக் காப்பாற்றப் போனவர்கள் அதன் இடத்தில் வேறொன்றை நிரப்பிவிட்டார்கள். கேட்டால் கணக்கு சரியாக இருக்கும்.

இது நம் ஊர் விபத்து மட்டுமல்ல. வட அமெரிக்காவின் கிழக்குப் பாதி ஆறுகளில் சிறுவாய் பாஸ் என்றொரு மீன் உண்டு. 1802லேயே அறிவியல் பெயர் பெற்றது. தூண்டில்காரர்கள் அதைக் கொண்டாடி நூல்கள் எழுதியிருக்கிறார்கள். அதன் சொந்த ஆற்றில் அது பெருமைக்குரிய மீன்தான். அதே மீனை 1930களில் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள், விளையாட்டுக்காக. கேப் பகுதியின் சிற்றாறுகளில் அது உள்ளூர் மீன்களைத் துடைத்தெடுத்தது. ரோண்டெகட் என்ற ஆற்றில் 2012இல் அதிகாரிகளே நீரில் மருந்து கலந்து பாஸ் மீனைக் கொன்றார்கள். அதன்பின் உள்ளூர் மீன்கள் திரும்பிவந்தன. நல்ல மீன், கெட்ட மீன் என்று இல்லை. எந்த ஆற்று மீன் என்பதுதான் கேள்வி. நம் அமராவதி அணையையே பாருங்கள்: ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபிக் கெண்டைக்குப் பேர்போன அணை அது. திமில் மஹ்சீரின் பாம்பாறு வந்து விழுவதும் அங்கேதான்.

ஆகவே தூண்டில்காரர்கள் புனிதர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காவில் பாஸை இறக்கியதும், நீலகிரி ஓடைகளில் டிரவுட்டை இறக்கியதும் தூண்டில் பிரியர்களே. இங்கிலாந்தின் நினைவாக அவலாஞ்சியில் பொரிப்பகம் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு, கீழே மோயாற்றில் உலகிலேயே இல்லாத ஒரு மீன் நீந்தியது பொருட்டாகப் படவில்லை. வர்க்கக் கணக்கும் உண்டு. மதராஸ் மாகாணத்தில் வலைக்காரனும் பழங்குடியும் திருடர்களாகவும், ராடும் ரீலும் வைத்திருந்தவர் கனவானாகவும் கருதப்பட்ட காலம் நீண்டது. இன்றும் ஒரு நாள் தூண்டிலுக்கு நகரத்துக்காரர் கொடுக்கக்கூடிய பணம், பரிசல் ஓட்டுபவரின் பல நாள் கூலி. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதை முடிவு செய்யாமல் அனுமதி தருவதை நாங்களும் எதிர்ப்போம்.

மீனுக்கு வலிக்காதா என்பது இன்னும் கடினமான கேள்வி. வலிக்கும் என்றே நினைக்கிறோம். வாயில் முள் குத்தி, பத்து இருபது நிமிடம் இழுபட்டு, மூச்சு வாங்கி நிற்கும் உயிரைப் பார்த்து 'விளையாட்டு' என்று சொல்ல நா கூசத்தான் செய்கிறது. ஆனால் இக்கேள்வியை எழுப்பும் நண்பர்கள் வெடியைப் பற்றியும் நஞ்சைப் பற்றியும் அதே குரலில் பேசுவதைக் கேட்டதில்லை. வெடியையும் நஞ்சையும் 1897ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டமே தடுத்தது. தடுத்து என்ன? ஒரு மடுவில் ஒரு வெடி விழுந்தால் தாயும் குஞ்சும் சேர்ந்து மிதக்கும். அதைப் பார்க்கக் கரையில் ஆள் இருக்கவேண்டுமே. முகாம்களை மூடியபோது காவிரி இழந்தது அந்த ஆட்களை. ஏடும் அன்றோடு நின்றது. நீலத் துடுப்புக்கும் செம்மஞ்சளுக்கும் நடந்த போட்டி அதன்பின் எப்படிப் போயிற்று என்று சொல்ல, அதே அளவில் தொடர்ந்த கணக்கு நம்மிடம் இல்லை. தடை நம் மனச்சாட்சியை அமைதிப்படுத்தியது. ஆற்றைப் பார்க்கும் கண்ணையும் மூடியது.

மோயாறு பெரும்பாலும் முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் ஓடுகிறது. அங்கே தூண்டில் வேண்டாம். யானையும் புலியும் தண்ணீருக்கு வரும் இடத்தில் விடுமுறைக் கூட்டம் கூடவேண்டியதில்லை. காப்பகம் என்பதாலேயே மீன் பத்திரம் என்று மட்டும் யாரும் உறங்கிவிடக்கூடாது. மேலே மின் நிலையங்கள் திறந்துவிடும் நேரத்துக்கு ஏறி இறங்கும் ஆறு அது. முட்டையிடும் கூழாங்கல் படுகை எப்போது நனையும், எப்போது காயும் என்பதை மின்தேவை தீர்மானிக்கிறது. புலியைக் கணக்கெடுக்கும் துறை மீனையும் எண்ணலாம். தெங்குமரஹடாவில் பரிசல் போடுகிறவர்களைவிட அந்த ஆற்றின் மடுக்களை அறிந்தவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருக்கமாட்டார்.

காப்பக எல்லைக்கு வெளியே, மேட்டுப்பாளையத்திலிருந்து கீழே பவானியிலும், அமராவதி அணைக்குக் கீழும், உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் பொறுப்பில் சில கல் தொலைவு தூண்டிலுக்கு மட்டும் என்று ஒதுக்கிப் பார்க்கலாம். கிடைப்பது பெரும்பாலும் வேறு கெண்டைகளாக இருக்கும். இருக்கட்டும், அவற்றின் கணக்கும் நம்மிடம் இல்லை. கட்டணம் சங்கத்துக்குப் போகட்டும். எந்த ஆற்றிலும் வெளிக்குஞ்சு விடுவதற்கு முன், அது எந்த இனம், இந்தப் படுகைக்கு உரியதா என்று எழுத்தில் சொல்லும் கடமை மீன்வளத் துறைக்கு இருக்கட்டும்.

பவானிசாகரில் வலையில் சிக்கிக் கரைக்கு வரும் மீன்களுக்கும் ஓர் ஏடு வைக்கலாம். தேதி, இடம், எடை, உள்ளூரில் அதை என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பவற்றோடு, துடுப்பின் நிறத்துக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்.