துடுப்பும் பேட்டைக்கு வரட்டும்

மெரினாவில் நீலக்கொடிச் சான்றிதழுக்காக மாநகராட்சி நட்டிருக்கும் மூங்கில் குடைகளையும் சாய்வு நாற்காலிகளையும் போன வாரம் போய்ப் பார்த்தேன். மணல் சுத்தமாக இருக்கிறது. அந்தப் பாராட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கே செய்திருக்கும் ஏற்பாடு அத்தனையும் கடலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதற்குத்தான். பெரிய தெருவில் பள்ளிக்கூடம், நடை தூரத்தில் கடல் என்று வளரும் திருவல்லிக்கேணிப் பிள்ளைக்கு, அந்தக் கடலில் உனக்கு வேலையில்லை, ஓரமாக உட்கார் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். இப்போது அதையே நாற்காலி போட்டுச் சொல்கிறோம்.

2025 மே மாதம் டையூவில் முதலாவது கேலோ இந்தியா கடற்கரை விளையாட்டுகள் நடந்தபோதே எனக்கு இந்த எரிச்சல் தொடங்கிவிட்டது. கபடி, கால்பந்து, கைப்பந்து, செபக் டக்ரா எல்லாம் மணலில் நடந்தன. தண்ணீரில் இறங்கியவர்கள் நீச்சல்காரர்கள் மட்டும். கடற்கரைப் போட்டி என்று பெயர் வைத்துவிட்டுத் துடுப்பை மறந்துபோனார்கள். அதுவும் எந்தச் சமயத்தில்? 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் பிரிவே உருமாறப்போகும் சமயத்தில்.

எடை குறைந்தவர்களுக்கான லைட்வெயிட் போட்டிகள் பாரிஸோடு முடிந்துவிட்டன. அந்த இடத்துக்கு வருவது பீச் ஸ்பிரின்ட். மணலில் ஓடிவந்து படகில் தாவ வேண்டும். அலையைத் தாண்டி, மிதவைகளுக்கு இடையே வளைந்து 250 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும். நேராகக் கரைக்கு வந்து குதித்து, ஓடிப்போய் மணியை அழுத்த வேண்டும். சில நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, கலப்பு இரட்டையர் ஒன்று என மூன்று தங்கப் பதக்கங்கள். 2026 டாக்கர் இளையோர் ஒலிம்பிக்கிலும் இது உண்டு. இதற்கு ஏரி வேண்டாம், இரண்டாயிரம் மீட்டர் அசையாத தண்ணீரும் வேண்டாம். கரையும் அலையும் இருந்தால் போதும். சென்னைக்கென்றே அளவெடுத்துச் செய்த போட்டி இது. சென்னைக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்றால், இந்த ஊரில் துடுப்பு என்பது ஒரு விலாசம். ‘போட் கிளப்’ என்றால் ஆட்டோக்காரர் முதல் நிலத்தரகர் வரை எல்லோருக்கும் தெரியும். கிரவுண்டு என்ன விலை என்பதும் தெரியும். அங்கே போகும் படகைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கோட்டூர்புரம் பாலத்தில் விடிகாலை நின்றால், எட்டுப் பேர் ஒரே மூச்சில் வலிக்க, நீளமான படகு அடையாற்றில் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். அழகான காட்சி. அங்கும் போரூர் ராமச்சந்திரா நீர்விளையாட்டு மையத்திலும் பள்ளிப் பிள்ளைகள் துடுப்புப் பிடிக்கிறார்கள், போட்டிகளில் ஜெயிக்கவும் செய்கிறார்கள். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கரையில் நின்று தொண்டை கிழியக் கத்துவதற்குப் பள்ளிக்கூடம் வருவதில்லை. ஜெயித்த பிள்ளையின் வகுப்பிலேயே பாதிப் பேருக்குச் செய்தி தெரியாது. எதிராளி யார் என்று கேட்டால், பக்கத்துப் பள்ளிக்கூடம் என்று சொல்ல ஆளில்லை.

இங்கே ஒரு ஒப்பீடு. பல வருடமாக, கேட்கக் காது கிடைத்த இடத்திலெல்லாம் இதைச் சொல்லிவருகிறேன். மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் தொடங்கியது 1846. மெட்ராஸ் போட் கிளப் தொடங்கியது 1867. இரண்டும் வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக வைத்துக்கொண்டவை. இரண்டுக்கும் இடைவெளி 21 வருடம்தான். இன்று ஒன்று நகரத்தின் சந்துபொந்தெல்லாம் இருக்கிறது. மற்றது தன் படித்துறையைவிட்டு மேலே ஏறவே இல்லை. மட்டையும் பந்தும் மலிவு, படகு விலை அதிகம் என்று உடனே பதில் சொல்வார்கள். அந்தக் காலத்தில் மட்டை மட்டும் மலிவாகவா கிடைத்தது? காரணம் வேறு. 1888இல் புச்சிபாபு நாயுடு மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, இந்தியப் பையன்களைச் சேர்த்து, வெள்ளைக்காரர்களோடு மோதவிட்டார். பின்னாளில் பொங்கலை ஒட்டி ஐரோப்பியர்–இந்தியர் பிரெசிடென்சி ஆட்டம் சேப்பாக்கத்தில் வந்தது. அதற்கும் பிறகு பேட்டைகள் மோதிக்கொண்டன: மயிலாப்பூர் ரெக்ரியேஷன் கிளப், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஆட்டங்களைப் பற்றிப் பேசும்போது யார் எத்தனை ரன் என்பது கடைசியில்தான் வரும். “மயிலாப்பூர்க்காரனை விட்டோமா?” என்பதுதான் முதல் கேள்வி. கிளப்பிலிருந்து தெருவுக்குக் கிரிக்கெட்டை இழுத்து வந்தது அந்தப் பேட்டைப் பகை. துடுப்புக்குப் புச்சிபாபு கிடைக்கவில்லை, மயிலாப்பூரும் கிடைக்கவில்லை.

கொழும்பைப் பாருங்கள். சென்னைக்கும் கொழும்புக்கும் துடுப்பு உறவு 1898லிருந்து இருக்கிறது. இரு நகரத்துக் கிளப்புகளும் இன்றும் ஆண்களுக்கு அடையாறு கோப்பை, பெண்களுக்குத் தீபம் கோப்பை என்று மோதுகின்றன. இந்த மட்டில் இரண்டு ஊரும் ஒன்றுபோலத்தான். ஆனால் கொழும்பில் பள்ளிக்கூடங்களே துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டன. ரோயல் கல்லூரியும் கல்கிசை புனித தோமையார் கல்லூரியும் 1962 முதல் பேர வாவியில் படகுப் போட்டி நடத்துகின்றன. 1880 முதல் கணக்கு வைத்திருக்கும் அவர்களுடைய கிரிக்கெட் பகையின் தம்பி இது. ஒரு பள்ளியின் பையன் துடுப்பைப் போடும்போது அவன் பின்னால் ஒரு பள்ளிக்கூடமே உட்கார்ந்திருக்கிறது: பழைய மாணவர், இசைக்குழு, கொடி, வீட்டில் தாத்தா. அங்கே தோற்றவனுக்கு வருகிற துக்கம் உண்மையானது, அதனால் அடுத்த வருடம் ஐந்து மணிக்கு எழுந்துவிடுகிறான். யாழ்ப்பாணத்தாரிடம் வடக்கின் பெரும் சமர் என்று சொல்லிப் பாருங்கள். மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸுக்கும் 1904இல் தொடங்கிய அந்தக் கிரிக்கெட் ஆட்டத்தை, டொரன்டோவில் குடியேறியவர்கள்கூட விடவில்லை. பள்ளிப் பகைக்கு அவ்வளவு ஆயுள். இன்னொன்று: பேர வாவி ஒன்றும் பளிங்குத் தண்ணீர் அல்ல. நகரத்தின் கழிவு கலந்து பச்சைப் பாசி படியும் வாவி அது. அடையாறு நாறுகிறது, கூவம் நாறுகிறது என்று நாம் சொல்லும் சாக்கு அங்கே எடுபடவில்லை.

இனி எதிர்ப்பாளர்களுக்கு வருகிறேன். பள்ளிகளுக்கு இடையே பகை வளர்ப்பது பிள்ளைகளின் மனதைக் கெடுக்கும் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. ஆறாம் வகுப்பிலேயே நீட் பயிற்சியில் சேர்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிக்கிற அதே கூட்டம்தான் இது. மதிப்பெண் போட்டியில் பிள்ளை தனியாகத் தோற்கிறது, அழுவதற்குக்கூடத் துணையில்லை. படகில் நான்கு பேர் சேர்ந்து தோற்கிறார்கள். இந்த வித்தியாசம் புரியாதவர்களோடு வாதாட எனக்கு நேரமில்லை. துடுப்பு பணக்கார விளையாட்டு, ஏழைப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் அதைவிட மோசம். ஏழைப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று தீர்மானிக்க அவர்களை யார் நியமித்தது? இவர்கள் தயவில்தான் கடலோரப் பள்ளிக்கூடம் ஒன்றில்கூட ஒரு துடுப்பு கிடையாது.

உயிர்ப் பயம் மட்டும் மதிக்க வேண்டிய வாதம். 2022 மே 21 அன்று கொல்கத்தா ரவீந்திர சரோவரில், பள்ளிப் படகுப் போட்டிக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த படகு திடீர்ப் புயல்காற்றில் கவிழ்ந்து, இரண்டு மாணவர்கள் இறந்துபோனார்கள். மறக்கக் கூடாத நாள் அது. மெரினாவோ ஏரியைவிடப் பத்து மடங்கு பொல்லாத தண்ணீர். வருடந்தோறும் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன்: நீச்சல் தேறாத பிள்ளை துடுப்பைத் தொடக் கூடாது, உயிர்காப்புச் சட்டையில்லாமல் யாரும் ஏறக் கூடாது, வடகிழக்குப் பருவம் முடிந்து கடல் அடங்கும் பிப்ரவரி, மார்ச் தவிர வேறு மாதத்தில் போட்டி கூடாது. ஒவ்வொரு படகுக்கும் பக்கத்தில் குப்பத்து ஃபைபர் படகு ஒன்று இன்ஜினோடு நிற்க வேண்டும், அதற்குக் கூலி கொடுக்க வேண்டும். இன்று போகும் உயிர்கள் போட்டியில் போகவில்லை. கடலைப் பற்றி யாருமே சொல்லிக்கொடுக்காததால் போகின்றன.

போன மார்ச்சில் ஒருநாள் காலை ஆறரை மணி இருக்கும், மெரினாவை ஒட்டிய நடுக்குப்பம் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பையன், பழைய தெர்மாகோல் பலகைகளை வலைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் துடுப்பாக ஒரு மரப்பெட்டியின் பக்கப் பலகை. அலை எழும்போது சும்மா இருந்தான். அது உடைந்து நுரையான அடுத்த நொடி, நாலு வலி வலித்து வெளியே போய்விட்டான். அவனுக்கு அதை எந்தப் பயிற்சியாளரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் அதேபோல் இன்னொரு பலகை. கரையேறியவனிடம் பேச்சுக்கொடுத்தேன். “அவன் அயோத்தியாகுப்பம் சார். போன வாரம் அவன் ஜெயிச்சான். இன்னைக்கு உட்டேனா பாத்தீங்களா?” என்றான். பீச் ஸ்பிரின்ட் என்ற பெயரை அவன் கேள்விப்பட்டதே இல்லை. ஆட்டம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. அவனுக்குப் படகும் பள்ளிக்கூடமும்தான் பாக்கி.

அந்தப் படகு எட்டாத பொருளும் அல்ல. ஆற்றில் ஓடும் ஒற்றையாள் பந்தயப் படகு எட்டு மீட்டருக்கு நீண்டு, பதினான்கு கிலோ எடையில், தும்மினால் கவிழும்போல இருக்கும். கடலோரப் போட்டிக்கான ஒற்றைப் படகு ஆறு மீட்டருக்குள். எடை 35 கிலோவுக்குக் குறையக் கூடாது. நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் மணலில் தூக்கிக்கொண்டு ஓடலாம். ஐஐடியில் பெருங்கடல் பொறியியல் துறை இருக்கிறது. ஃபைபர் படகை வார்க்கவும் ஒட்டவும் தெரிந்த கைகள் கடற்கரை நெடுகிலும் இருக்கின்றன. இரண்டும் ஒருநாள் உட்கார்ந்து பேசினால் போதும். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை நடத்திக்காட்டிய அரசுக்கு இது மலையல்ல.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ரியோ, டோக்கியோ, பாரிஸ் ஆகிய மூன்று ஒலிம்பிக்குகளில் இந்தியாவுக்காகத் துடுப்புப் போட்டவர்கள் நான்கு பேர்: தத்து போகனல், அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங், பல்ராஜ் பன்வார். நால்வரும் ராணுவத்தினர். நால்வர் ஊரிலும் கடல் இல்லை. தத்து நாசிக் பக்கத்து வறட்சிக் கிராமத்துக்காரர். ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் துடுப்பைத் தொட்டார், அதுவும் தண்ணீர்ப் பயத்தோடு. ரியோவில் பதின்மூன்றாவது இடம் வந்தார். குடிக்கத் தண்ணீர் தேடிய ஊரிலிருந்து ஒருவர் அவ்வளவு தூரம் போக முடிந்தது. தமிழ்நாட்டில் 608 கடலோர மீனவ கிராமங்கள் இருக்கின்றன. அங்கிருந்து ஒருவர்கூட இல்லை. பிள்ளைகளிடம் குறை என்று இதற்கு அர்த்தம் சொல்ல முடியுமா?

வரும் பிப்ரவரியிலேயே தொடங்கலாம். இந்தப் பக்கம் திருவல்லிக்கேணி இந்து மேல்நிலைப் பள்ளி, முஸ்லிம் மேல்நிலைப் பள்ளி, கெல்லட், என்.கே.டி., லேடி வெலிங்டன். அந்தப் பக்கம் மயிலாப்பூர் பி.எஸ்., சாந்தோம். குப்பத்துப் பிள்ளைகள் படிக்கும் மாநகராட்சிப் பள்ளிகளுக்கு முதல் வரிசை. பள்ளிக்கு இரண்டு படகு, கலப்பு இரட்டையர் கட்டாயம். முதலமைச்சர் கோப்பையில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் திரட்டத் தெரிந்த விளையாட்டுத் துறை, அதில் இதையும் ஒரு பிரிவாகச் சேர்க்கட்டும். மூன்றே வருடத்தில் திருவல்லிக்கேணிக்கும் மயிலாப்பூருக்கும் இடையே நடக்கும் கடற்போட்டிக்கு உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை கூட்டம் நிற்கும். 2036 ஒலிம்பிக்கில் மணலிலிருந்து படகுக்குத் தாவும் இந்தியப் பிள்ளை இந்தக் கரையில் பிறந்ததாகத்தான் இருக்கும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு இப்போது வேண்டியது அந்த மூங்கில் குடைகளுக்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கொட்டகை, நான்கு படகு நிறுத்தும் அளவுக்கு. அறுபது அடி மணல் போதும்.