திரைக்குள் ஓர் ஊர்

கணினி விளையாட்டு என்றதுமே நம் வீட்டுப் பெரியோர் முகஞ் சுளிப்பர். "கண்ணுங் கெட்டது, காலமுங் கெட்டது" என்பர். அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கட்டுக்கடங்காத விளையாட்டு ஒரு நோயாகவும் முதிரலாமென்பதை உலக சுகாதார நிறுவனமே ஒப்புக்கொண்டு, 2019-ம் ஆண்டில் ஏற்கப்பெற்ற தன் நோய்ப்பட்டியலில் அதனைச் சேர்த்துள்ளது. ஆயினும், அவ்வுலகிலே மாந்தர் எதனைத் தேடுகின்றனர் என்று ஆராயாது தீர்ப்புக் கூறுதல் முறையன்று.

நோர்வே நாட்டிலே மட்ஸ் ஸ்டீன் என்றோர் இளைஞர் வாழ்ந்தார். தசைகளை நாளடைவில் வலுவிழக்கச் செய்யும் டுஷேன் எனும் பரம்பரை நோய் அவரைச் சக்கர நாற்காலியில் இருத்திற்று. பெரும்பொழுதை 'வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட்' எனும் விளையாட்டிலே கழித்தார். மகன் நட்பறியாது தனிமையில் வாடுகின்றானே எனப் பெற்றோர் ஏங்கினர். 2014-ல், தமது 25-ம் வயதில், அவர் காலமானார். அவரது இணையக் குறிப்பேட்டிலே தந்தையார் அச்செய்தியை வெளியிட்டார். உடனே பல நாடுகளிலிருந்தும் இரங்கற் கடிதங்கள் வந்து குவிந்தன! 'இபெலின்' என்ற பெயருடன் அங்கு உலாவிய மட்ஸ், பிறர் துயர் கேட்டு ஆறுதலளித்த உற்ற நண்பரென அவை உரைத்தன. தோழர் சிலர் வேற்று நாடுகளிலிருந்து வந்து இறுதிச் சடங்கிலும் கலந்துகொண்டனர். 2024-ல் இவ்வரலாறு திரைப்படமாகவும் வெளிவந்தது.

இதன் காரணம் யாது? அவ்வுலகிலே உடற்குறையைக் கண்டு எவரும் இரங்குவதில்லை. சொல்லையும் செயலையுங் கொண்டே ஒருவர் மதிக்கப்படுகிறார். தனித்து முடிக்கவியலாத கருமங்கள் அங்கு பல. ஆதலின் ஒருவர்க்கொருவர் வேண்டியவராகின்றனர். நாள்தோறும் கூடி உழைப்போரிடையே நட்பு முளைப்பது இயல்பன்றோ? மனிதன் வேண்டுவது மாயமன்று. "நீ இன்றி எமக்கியலாது" என்னும் ஒரு சொல்லே.

அச்சொல் வீட்டிலும் பள்ளியிலும் கிட்டாதபோது, பிள்ளை அதனைத் திரையிலே தேடுகிறான். பெற்றோரே, "எவ்வளவு நேரம் விளையாடினாய்?" என்று கேட்பதோடு நில்லாது, "யாருடன் விளையாடினாய்?" என்றுங் கேளுங்கள். மாணவர்களே, அங்குள்ள தோழரைப் பற்றி வீட்டாரிடம் மனந்திறந்து கூறுங்கள். மட்ஸின் பெற்றோர் மகனது நண்பரை அறிந்தது அவர் மறைந்த பின்னரே. நமக்கு அந்நிலை வேண்டாம்.