நியூத்திரன்கள் சொல்லும் கணக்கு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லோரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுகூடத்தில் 2022 டிசம்பர் 5ஆம் திகதி 192 லேசர் கதிர்களைக் கொண்டு நடத்தப்பட்ட பரிசோதனை, உலகெங்கும் தலைப்புச் செய்தியாயிற்று. 2.05 மெகாயூல் லேசர் சக்தி செலுத்தப்பட்டு, 3.15 மெகாயூல் இணைவுச் சக்தி பெறப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எனினும், இந்த 3.15 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதைப் பெரும்பாலான செய்திகள் விளக்கவில்லை.

அந்தச் சக்தியை எவரும் வெப்பமாகச் சேகரித்து அளந்துவிடவில்லை. எண்ணப்பட்டவை நியூத்திரன்களே. தியூத்திரியமும் திரித்தியமும் இணையும் ஒவ்வொரு முறையும் ஒரு நியூத்திரன் வெளியேறுகின்றது. பிறக்கும் சக்தியில் ஏறக்குறைய 80 வீதத்தைச் சுமந்து செல்வதும் அதுவே. எனவே நியூத்திரன்களின் தொகை தெரிந்தால் மொத்தச் சக்தி தெரிந்துவிடும். அன்று வெளிப்பட்டவை ஒரு மில்லியன் மில்லியன் மில்லியனுக்குச் சற்று அதிகம்.

மின்னேற்றமற்ற துணிக்கையை எண்ணுவது இலகுவானதல்ல. ஆகவே ஒன்றையொன்று சாராத பல வழிகள் கையாளப்படுகின்றன. வெடிப்பறையைச் சுற்றிப் பல திசைகளில் வைக்கப்படும் சிர்கோனியத் துண்டுகள் நியூத்திரன் தாக்கத்தால் கதிரியக்கம் பெறுகின்றன. அதை அளந்து எண்ணிக்கை கணிக்கப்படுகின்றது. ஏறத்தாழ 20 மீற்றர் தொலைவிலுள்ள உணரிகள், நியூத்திரன்கள் வந்துசேரும் நேரத்தையும் அதன் பரவலையும் பதிவுசெய்து எரிபொருளின் வெப்பநிலையை உணர்த்துகின்றன. மென்தகடொன்றிலிருந்து நியூத்திரன்கள் மோதித் தள்ளும் அணுக்கருக்களைக் காந்தத்தால் வளைத்து ஆராய்வது இன்னொரு முறை. இவை உடன்பட்ட பின்னரே, வெளியாரின் பரிசீலனையுடன், டிசம்பர் 13ஆம் திகதி உத்தியோகபூர்வ அறிவிப்பு வந்தது.

இந்த நிதானத்திற்குப் பின்னால் கசப்பான அனுபவம் உண்டு. 1958 ஜனவரியில் பிரித்தானியாவின் ஹார்வெல் ஆய்வு நிலையம், தனது சீற்றா இயந்திரத்தில் நியூத்திரன்கள் தோன்றியதை இணைவு வெற்றியாக அறிவித்தது. அவை வெப்ப இணைவினால் வந்தவை என்பது 90 வீதம் உறுதி என்றார் அதன் தலைவர் சேர் ஜோன் கொக்குரொவ்ற். ஆனால் அந்த நியூத்திரன்களின் சக்தி திசைக்குத் திசை வேறுபட்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. வெப்பத்தால் அன்றி, வாயுவின் நிலையின்மையால் முடுக்கப்பட்ட சில அணுக்கருக்களே அவற்றைத் தோற்றுவித்திருந்தன. நான்கே மாதங்களில் அறிவிப்பு வாபஸ் பெறப்பட்டது. எண்ணிக்கை சரியாகவே இருந்தது; அதற்குக் கொடுத்த பொருள்தான் பிழைத்தது!

லிவர்மோரின் எண்ணையும் இவ்வாறே நிறுத்துப் பார்க்க வேண்டும். நியூத்திரன் கணக்கில் ஐயமில்லை. ஆனால் அந்த லேசர்களை இயக்க மின்வலையமைப்பிலிருந்து பெறப்பட்டது சுமார் 300 மெகாயூல். 2025 ஏப்ரலில் எட்டப்பட்ட 8.6 மெகாயூலும் இதற்கு அருகில் இல்லை. மேலும், 1992இன் பின்னர் அணுகுண்டுச் சோதனை நடத்தாத அமெரிக்கா, தனது ஆயுதக் கையிருப்பை மதிப்பிடுவதற்கென்றே முதன்மையாக இந்த நிலையத்தை அமைத்தது. மின்னுற்பத்தி அதன் முதல் நோக்கமன்று என்பதைத் தலைப்புச் செய்திகள் வசதியாக மறந்துவிட்டன.

இன்று இணைவு மின்சாரத்தை வாக்களித்துத் தனியார் நிறுவனங்கள் பெரும் முதலீடுகளைத் திரட்டி வருகின்றன. லேசர் மின்நிலையமொன்று செக்கனுக்குப் பத்து முறையளவில் எரிபொருள் குளிகைகளை வெடிக்கவைக்க வேண்டியிருக்கும். சிர்கோனியத் துண்டின் கதிரியக்கம் பாதியாகக் குறையவே மூன்று நாட்களுக்கு மேலாகின்றது. அந்த வேகத்தில் ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியே கணக்கிட இம்முறை உதவாது. அதற்கேற்ற அளவைக் கருவிகளைப் பற்றியும் இந்நிறுவனங்களிடம் முதலீட்டாளர்கள் கேட்க வேண்டியுள்ளது.