யாருக்கு எளிது இந்தச் செடி?

பண்டிகை விடுமுறைகளை ஒட்டி எழுதப்படும் குறிப்புகளில் "பராமரிக்க எளிதான வீட்டுச் செடிகள்" என்றொரு பட்டியல் தவறாமல் இடம்பெறுகிறது. அவை யாருக்கு எளிது என்னும் கேள்வி மட்டும் அங்கே எழுவதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் இருந்துகொண்டு பார்க்கையில் அதுவே முதற்கேள்வி என்று நமக்குத் தோன்றுகிறது.

ராயவரம், அரிமளம், ராங்கியம் போன்ற ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடக்கும் பெரிய வீடுகள் பல திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் மட்டுமே திறக்கப்படுகின்றன. பிற ஊர்களிலோ பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, வயதான தாயோ தந்தையோ வீட்டைக் காத்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வந்தவர்கள் ஆசையோடு பத்துத் தொட்டிகளை வாங்கி வைத்துவிட்டு, காணும் பொங்கல் முடிந்ததும் பேருந்து ஏறிவிடுகிறார்கள். அதன்பின் முழங்கால் வலியோடு குடம் சுமப்பவர் யார் என்பதை நாம் அறிவோம்.

தை மாதம் ஏமாற்றும் மாதம். இம்மாவட்டத்தின் பெருமழை வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது; அந்த ஈரமும் பனியும் மிச்சமிருக்கையில் எந்தச் செடியும் எளிதாகவே தெரியும். ரோஜாவும் குரோட்டன்ஸும் தளதளவென்று நிற்கும். உண்மையான தேர்வு சித்திரை வெயிலில்தான். ஆகவே பொங்கலுக்கு வாங்கும் செடியைச் சித்திரையை மனத்தில் வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நம் பொட்டல் நிலம் அறிந்த மருளும் சோற்றுக்கற்றாழையுமே முன்னால் நிற்கின்றன. மருளின் நாரில் ஒருகாலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். அதன் நெருங்கிய உறவான பாம்புக் கற்றாழைதான் இன்று வரவேற்பறைகளை அலங்கரிக்கிறது. இவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பதால் நீரை வீணாக்குவதில்லை. இவற்றைக் கொல்வது பெரும்பாலும் வறட்சியன்று, அளவு மீறிய தண்ணீரே. மண்ணில் மணலைத் தாராளமாகக் கலந்து, விரல் நுழைத்துப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். ஓமவல்லி சற்றே கூடுதல் கவனம் கேட்கும். பதிலுக்குச் சளிக்குக் கஷாயம் தரும்.

மணி பிளாண்ட் பிரெஞ்சு பாலினேசியாவின் மொரேயா தீவைத் தாயகமாகக் கொண்டது. நிழலிலும் தழைக்கும் என்பது உண்மையே. ஆனால் அதைப் புட்டித் தண்ணீரில் விட்டுவிட்டு ஊருக்குப் போவது நல்லதன்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏறத்தாழ எட்டுப் பத்து நாட்கள் போதும். தொட்டியடித் தட்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதன் இலையைக் குழந்தைகள் கடித்தால் வாய் எரிந்து வீங்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

"காற்றைத் தூய்மையாக்கும்" என்ற விளம்பரத்தையும் நாம் நம்ப வேண்டியதில்லை. 1989இல் நாசா வெளியிட்ட ஆய்வு மூடிய சிறு அறைகளில் செய்யப்பட்டது. 2019இல் அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய சோதனைகளை மறுபரிசீலனை செய்து, சாதாரண வீட்டில் இயல்பான காற்றோட்டமே செடிகளைக் காட்டிலும் பன்மடங்கு பயன் தருகிறது என்று காட்டினார்கள்.

தனிமையில் இருப்பவருக்குச் செடி துணையல்லவா என்று கேட்கலாம். துணைதான், மறுக்கவில்லை. ஒரு துளிர் விடுவதைக் காலையில் பார்ப்பது சிறிய மகிழ்ச்சியன்று. ஆனால் துணை வேறு, சுமை வேறு. பத்துத் தொட்டிகளுக்குப் பதில் இரண்டு போதும். அவையும் குனியாமல் கைக்கு எட்டும் திண்ணை உயரத்தில் இருக்கட்டும். பூட்டப்போகும் வீட்டில் தொட்டியே வேண்டாம்; வேலியோரம் ஒரு பிரண்டைக் கொடியை ஊன்றினால் அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் முன், வாங்கப் புறப்படும்போது வீட்டில் தங்கப்போகிறவரிடம் எந்தச் செடி வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.