நாக்குக்கு இனிப்பது நெஞ்சுக்கு ஆகுமா?

சித்திரை மாதம். அருப்புக்கோட்டை வெயிலில் தெருவில் கால் வைக்க முடியவில்லை. தறியை நிறுத்திவிட்டு வருகிறவருக்குத் தொண்டை வறண்டு கிடக்கிறது.

வீட்டு அம்மாள் நன்னாரி வேரைத் தட்டி ஊறப் போட்டிருக்கிறார். சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறார். எலுமிச்சம்பழம் பிழிகிறார். டம்ளரில் ஊற்றிக் கொடுக்கிறார்.

"கடைச் சர்பத் மாதிரியே இருக்கே!" என்கிறார் கணவர்.

அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

கடையில் கிடைக்கும் ருசியை வீட்டிலேயே கொண்டு வருவது ஒரு திறமை. அதில் தவறு ஒன்றும் இல்லை. கை தவறினால்தான் என்ன? இனிப்பு கொஞ்சம் கூடும். அல்லது புளிப்பு கூடும். அவ்வளவுதான்.

ஆனால் இன்று உலகத்தில் வேறு ஒரு கலவை வேலையும் நடக்கிறது. அதுவும் கடை ருசியை வீட்டில் கொண்டு வரும் வேலைதான். மாம்பழம், புதினா, ஸ்ட்ராபெரி என்று அதிலும் எசன்ஸ் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் கலவையை யாரும் குடிப்பதில்லை. மூச்சோடு உள்ளே இழுக்கிறார்கள்!

அதுதான் இ-சிகரெட்டில் ஊற்றும் திரவம்.

பேனா போன்ற கருவி

இ-சிகரெட்டைச் சிலர் 'வேப்' என்றும் சொல்கிறார்கள். பார்ப்பதற்குப் பேனாவைப் போல இருக்கும். உள்ளே ஒரு பாட்டரி. ஒரு சிறு கம்பிச் சுருள். அதை ஒட்டிக் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு திரவத்தில் ஊறியிருக்கும். கம்பி சூடானதும் திரவம் ஆவியாகும். அதை இழுத்து ஊதுகிறார்கள்.

சீனாவைச் சேர்ந்த ஹான் லிக் என்ற மருந்தியல் நிபுணர் 2003-ஆம் ஆண்டில் இதை உருவாக்கினார். அவரே நிறையப் புகை பிடித்தவர். சிகரெட்டை விட வேண்டும் என்பதே அவர் எண்ணம்.

திரவத்தில் நான்கு சரக்குகள் உண்டு. கிளிசரின் ஒன்று. புரொப்பிலீன் கிளைக்கால் ஒன்று. புகையிலையில் உள்ள நிகோட்டின் என்ற நஞ்சு ஒன்று. நான்காவது, வாசனை எசன்ஸ்.

பல நாடுகளில் இந்தச் சரக்குகளைத் தனித்தனியே வாங்கி வீட்டில் கலப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கிறார்கள். நகைக் கடைத் தராசு போன்ற நுட்பமான தராசில் நிறுக்கிறார்கள். கலந்ததைப் பல நாள் ஊற வைக்கிறார்கள். ஒரு கம்பெனியின் சரக்குக்குப் பெயர் வந்துவிட்டால், அதே ருசியைப் பிடிக்கப் பத்து முறை, இருபது முறை கலந்து பார்க்கிறார்கள்.

ருசி அகப்பட்டுவிடலாம். ஆனால் புட்டியில் என்னென்ன இருந்தது என்பது அகப்படுமா? ஒரு எசன்ஸ் என்பது ஒரு பொருள் அல்ல. அதற்குள் பல ரசாயனங்கள் இருக்கும். மூக்கு வாசனையைச் சொல்லும். விஷத்தைச் சொல்லாது.

பஞ்சு சொல்லும் பாடம்

"பலகாரத்தில் போடுகிற எசன்ஸ்தானே! சாப்பிடலாம் என்றால் இழுக்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு.

இதற்குப் பதில் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. அருப்புக்கோட்டை வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது.

இது பஞ்சும் நூலும் சோறு போடும் பூமி. பஞ்சு மெத்தையில் குழந்தையைப் படுக்க வைக்கிறோம். பருத்தித் துணியை உடுத்துகிறோம். புண்ணுக்குக் கூடப் பஞ்சுதான் வைக்கிறோம். பஞ்சைப் போலச் சாதுவான பொருள் உண்டா?

அதே பஞ்சு தூசியாகி ஆண்டுக் கணக்கில் மூச்சில் போனால் என்ன ஆகும்? மில்களில் பஞ்சைப் பிரிக்கும் இடத்திலும், கார்டிங் பகுதியிலும் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் நெஞ்சு இறுகும். இருமல் வரும். மூச்சு வாங்கும். டாக்டர்கள் இதற்குப் 'பிசினோசிஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கவனிக்காமல் விட்டால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

தோலுக்கு நல்லதாக இருந்த பஞ்சு நெஞ்சுக்கு நஞ்சாகிவிட்டது. பொருள் மாறவில்லை. அது போன வழிதான் மாறியது.

வயிற்றுக்குள் போவதைச் செரிக்க வைக்க அமிலம் இருக்கிறது. கழிவை வெளியேற்றக் குடல் இருக்கிறது. நுரையீரலில் அப்படி ஏற்பாடு இல்லை. அங்கே இருப்பவை கோடிக்கணக்கான மெல்லிய காற்றுப் பைகள். அவை காற்றுக்காகப் படைக்கப்பட்டவை.

வெண்ணெய் வாசனை தந்த நோய்

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்று இருந்தது. பொரிக்கு வெண்ணெய் மணம் சேர்க்க 'டை அசிட்டைல்' என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். வெண்ணெயிலேயே இயற்கையாக உள்ள பொருள்தான் அது.

2000-ஆம் ஆண்டில் ஒரு செய்தி வெளியாயிற்று. அங்கே வேலை பார்த்த எட்டுப் பேருக்குக் கடுமையான நுரையீரல் நோய்! மூச்சுக் குழலின் சிறு கிளைகள் தழும்பேறிச் சுருங்கிவிட்டன. அந்தச் சேதத்தை மாற்ற மருந்து இல்லை.

பொரியை வாங்கித் தின்றவர்கள் நன்றாக இருந்தார்கள். வெண்ணெய் வாசனையை நாள் முழுதும் சுவாசித்தவர்கள் நோயாளி ஆனார்கள்.

2015-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வாசனை சேர்த்த 51 வகை இ-சிகரெட்டுகளைச் சோதித்தார்கள். 39 வகைகளில் அதே டை அசிட்டைல் இருந்தது. இ-சிகரெட்டால் அதே நோய் வரும் என்று இன்னும் திட்டமாக நிரூபிக்கப்படவில்லை. அதற்காகத் தெரிந்தே இழுத்துப் பார்க்க வேண்டுமா?

எசன்ஸ் தயாரிப்பாளர்களின் அமெரிக்கச் சங்கமே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. தங்கள் பொருள்களுக்குக் கொடுத்த 'பாதுகாப்பானது' என்ற மதிப்பு உணவுக்கு மட்டுமே. மூச்சில் இழுப்பதற்கு அல்ல என்பதே அது.

68 உயிர்கள்

2019-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு இளைஞர்கள் வரிசையாக வந்தார்கள். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காய்ச்சல். 2020 பிப்ரவரிக்குள் கணக்கு எடுத்தபோது 2,807 பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள். 68 பேர் இறந்துவிட்டார்கள்.

காரணம் என்ன? முக்கியக் குற்றவாளியாக அகப்பட்டது 'வைட்டமின் இ அசிட்டேட்' என்ற எண்ணெய்ப் பொருள். தோலில் பூசும் கிரீமில் இருப்பது. மாத்திரையாக விழுங்குவது. கஞ்சாச் சத்துத் திரவத்தில் கலப்படம் செய்தவர்கள் அதைச் சேர்த்தார்கள். ஏன் தெரியுமா? தண்ணீராகிப் போன சரக்கு, அசல் சரக்கைப் போலக் கெட்டியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக!

பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் கஞ்சாத் திரவத்தை இழுத்தவர்கள். அவர்களில் பலருக்கு அது கிடைத்தது நண்பர்களிடமிருந்தும் தெரு வியாபாரிகளிடமிருந்தும்தான். அசலைப் போல இருந்தது, அசல் அல்ல. இழுத்தவர்களுக்கு அது தெரியாது.

ஒரு தேக்கரண்டி

இன்னொரு அபாயம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. கலப்பவர்கள் வாங்கும் செறிவான நிகோட்டினில் ஒரு மில்லி லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை இருப்பதுண்டு. ஒரு தேக்கரண்டியில் 500 மில்லிகிராம்! ஒரு சிகரெட் பிடிப்பவரின் உடலில் சேர்வது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம்தான். நிகோட்டினைப் பயிர்ப் பூச்சிகளைக் கொல்லவே ஒரு காலத்தில் தெளித்தார்கள். அது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். கணக்கில் ஒரு புள்ளி தவறினால் பத்து மடங்கு கூடிவிடும்.

மாம்பழ வாசனை வீசும் புட்டியைக் குழந்தை என்ன என்று நினைக்கும்? 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை திரவ நிகோட்டினால் இறந்தது. அதன் பிறகுதான் புட்டிகளுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி போட வேண்டும் என்று அமெரிக்கா முழுவதற்கும் சட்டம் வந்தது.

சிகரெட்டுக்கு இது மேல் அல்லவா?

இந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பிரிட்டனில் சிகரெட்டை விட விரும்பும் பெரியவர்களுக்கு இ-சிகரெட்டை டாக்டர்களே சிபாரிசு செய்கிறார்கள். ஆனால் அங்கே விற்கும் நிகோட்டின் திரவத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. புட்டி 10 மில்லி லிட்டருக்கு மேல் கூடாது. நிகோட்டின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. வைட்டமின் சேர்க்கக் கூடாது. வீட்டு மேஜையில் கலந்த நகலுக்கு இந்தக் காவல் எதுவும் இல்லை. அந்த நியாயத்தை இதற்குக் கொண்டு வருவது சரியல்ல.

நம் நாட்டிலோ சட்டமே தடுத்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2018-ல் தடை விதித்தது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. டிசம்பரில் அது நிரந்தரச் சட்டமாயிற்று. நிகோட்டின் இருந்தாலும், இல்லாவிட்டாலும் தடைதான். முழுப் பொருளானாலும், அதன் ஒரு பகுதியானாலும் தயாரிப்பது குற்றம். முதல் முறை அகப்பட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி அகப்பட்டால் மூன்றாண்டு வரை சிறையும், 5 லட்சம் வரை அபராதமும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

சட்டம் கடைக் கதவைத்தான் பூட்டும். வீட்டுக்குள் பார்க்க வேண்டியவர்கள் பெற்றோர்கள்.

பையனின் புத்தகப் பையில் பேனா போன்ற கருவி இருந்தால், உடனே பிரம்பை எடுக்க வேண்டாம். அடித்தால் அவன் ஒளிப்பான். உட்கார வைத்துப் பேசுங்கள். பஞ்சாலையில் மூச்சு வாங்கிய தாத்தாவின் கதையைச் சொல்லுங்கள். அந்தக் கதை இந்த ஊரில் பல வீடுகளில் இருக்கிறது.

வீட்டில் பெரியவர் யாராவது பீடி, சிகரெட்டை விட முடியாமல் தவித்தால், அவருக்கும் வழி இருக்கிறது. 1800-11-2356 என்ற எண்ணுக்குப் பேசலாம். காசு கிடையாது. புகையிலையை விட உதவும் அரசாங்கச் சேவை அது. டாக்டரைக் கேட்டு நிகோட்டின் சூயிங்கமும் வாங்கலாம்.

கலந்து பார்க்கும் ஆசை கெட்ட ஆசை அல்ல. வாசனையைப் பிரித்து அறியும் மூக்கு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. உங்கள் பிள்ளைக்கு அது இருந்தால் அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். நன்னாரி சர்பத்தில் கடை ருசியை அவன் பிடிக்கட்டும். பத்து முறை தவறட்டும். பதினோராவது முறை ஊரே வந்து குடிக்கட்டும்.

மூச்சில் மட்டும் சோதனை வேண்டாம். அங்கே ஒரு முறை தவறினால், திரும்பக் கலந்து பார்க்க முடியாது.