கல்லாவின் அருகே ஒற்றை மீன் வேண்டாம்

நம்மில் பலர் கல்லாவின் அருகே மீன் தொட்டி வைத்திருக்கிறோம். வாஸ்துவுக்காக வைத்தவர்கள் உண்டு. சாமான் வாங்க வருகிறவர்களின் குழந்தைகள் அடம்பிடிக்காமல் நிற்கட்டும் என்று வைத்தவர்களும் உண்டு. எதற்காக வைத்தாலும் உள்ளே இருப்பது உயிர். அதுபற்றி நம் அனுபவத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

நம் மொத்தக் கடையில் மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள தொட்டி இருக்கிறது. சுமார் 85 லிட்டர் பிடிக்கும். அதில் ரஸ்போரா என்னும் சிறு மீன்களை விட்டிருந்தோம். மீன் விற்றவர், “அண்ணாச்சி, இது அடியில் கிடக்கும் அழுக்கையெல்லாம் தின்றுவிடும், ஒன்று போதும்” என்று சொல்லி இன்னொரு மீனையும் கொடுத்தார். விரல் நீளம், பாம்புக்குட்டி போன்ற உடல், மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டைகள். பெயர் கூலி லோச். தென்கிழக்கு ஆசியாவின் ஓடைகளைச் சேர்ந்தது. நம் ஊர் அயிரையும் இதுவும் ஒரே குடும்பம்.

பெயரைக் கேட்டு, கூலிக்குத் தொட்டி துடைக்க வந்த மீன் என்றே நினைத்தோம். பிறகுதான் தெரிந்தது, அது ஜாவாவில் இளம் வயதில் மறைந்த ஜெர்மானிய இயற்கை ஆய்வாளர் ஹைன்ரிக் கூல் நினைவாக வைத்த பெயர் என்று.

மூன்று மாதம் அந்த மீன் கண்ணில் படவில்லை. தொட்டியைக் கழுவும்போது பார்த்தால், குழாய்க்குப் பின்னால் மெலிந்து ஒண்டிக் கிடந்தது. இந்த மீன் கழிவைத் தின்று பிழைப்பதில்லை; அடியில் மூழ்கும் தீவனம் வேண்டும், அதுவும் விளக்கு அணைக்கும் நேரத்தில். அதைவிட முக்கியம், இது கூட்டமாக வாழும் மீன். வேறு கடையில் இன்னும் ஐந்து வாங்கி விட்டோம். பத்தே நாளில் ஆறும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துகொண்டு வெளியே கிடந்தன. தனிக் கடையாய் நின்றால் நமக்கே பயம்தானே. அதனால்தானே சங்கம் வைத்தோம்!

இதை வளர்க்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. அடியில் கூரான ஜல்லி வேண்டாம், மெல்லிய மணல் போடுங்கள். அது மீசையால் துழாவி மண்ணில் புதையும் மீன். ஒளிய உடைந்த மண்சட்டியோ தேங்காய்ச் சிரட்டையோ போதும். மூடி இல்லையென்றால் வெளியே குதித்துவிடும். ரஸ்போரா, டெட்ரா போன்ற சாதுவான சிறு மீன்களோடுதான் விட வேண்டும். செதில் மிக நுண்ணியது. மற்ற மீன்களுக்குப் போடும் அளவில் கல்லுப்பும் மருந்தும் போட்டால் தாங்காது.

மளிகைக் கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு நாள் இரவு கரப்பான் மருந்து அடித்துவிட்டுக் கடையைச் சாத்தினோம். தொட்டியை மூடவில்லை, காற்று மோட்டாரையும் நிறுத்தவில்லை. கடைக்குள் இருக்கும் காற்றைத்தானே அது தண்ணீருக்குள் செலுத்துகிறது! காலையில் நான்கு ரஸ்போராக்கள் செத்து மிதந்தன. அந்தப் பாவம் நம்முடையது. வேறு யாரையும் சொல்வதற்கில்லை. தொட்டி உள்ள இடத்தில் பூச்சி மருந்து அடிக்கவே கூடாது என்பது இப்போது நம் கடைச் சட்டம்.

இனி நாம் சொல்ல வந்த விஷயம். “ஒன்று போதும்” என்று சொன்னவர் ஒரு மீன் விற்றார். “ஆறாக வாங்குங்கள், இல்லையென்றால் வேண்டாம்” என்று உண்மையைச் சொல்லியிருந்தால் ஆறும் அவரிடமே வாங்கியிருப்போம். ஐந்து மீன் வியாபாரமும் போயிற்று, நம் நம்பிக்கையும் போயிற்று. வாங்கும்போதே ஆறு என்றால் செலவு பார்த்து வாடிக்கையாளர் போய்விடுவார் என்பார்கள். போகட்டுமே! நாளை அவர் திரும்பி வருவார்; ஏமாந்தவர்தான் வரமாட்டார்.

அவரைக் குறை சொல்லி முடித்துவிடவும் மனம் இடம் தரவில்லை. சரக்கு நகரட்டும் என்று நாமும் தராசுக்குப் பின்னால் நின்று எத்தனை “ஒன்று போதும்” சொல்லியிருக்கிறோம்? நாம் விற்கும் பருப்புக்கு உயிர் இல்லை; வாங்கிப் போகிறவர் வீட்டில் உயிர்கள் இருக்கின்றன.

ஆறு மீனுக்கு இடமில்லாத தொட்டிக்கு இந்த மீனே வேண்டாம். விற்பவரும் அதைச் சொல்லட்டும், வாங்குபவரும் அதைக் கேட்டு வாங்கட்டும்.